பேக்மேன்: பாயிண்டைக் கோட்டைவிடும் இடங்கள்

1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துக்காக டோரு இவாடானி வடிவமைத்த வீடியோ விளையாட்டு பேக்மேன். அதைப் பெரும்பாலோர் ஓட்டப்பந்தயம் போலத்தான் ஆடுகிறார்கள். பேயிடம் சிக்காமல் ஓட வேண்டும், போகிற வழியில் பொட்டுகளைத் தின்ன வேண்டும், லெவலை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். ஸ்கோர் ஏறாததற்கு இந்த நினைப்பே முதல் காரணம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பலகையில், அதாவது ஒரு லெவலில், சின்னப் பொட்டு 240. ஒன்றுக்கு 10 பாயிண்ட். மூலைப் பக்கங்களில் பெரிய பொட்டு 4. ஒன்றுக்கு 50. அத்தனையையும் துடைத்துத் தின்றாலும் 2,600தான். பெரிய பொட்டைத் தின்றதும் பேய்கள் நீலமாகும், அப்போது அவற்றையே தின்னலாம். அவற்றின் பாயிண்டோ 200, 400, 800, 1,600 என்று இரட்டிப்பாகப் போகிறது. நான்கையும் பிடித்தால் 3,000, நான்கு பெரிய பொட்டுக்கும் சேர்த்து 12,000. முதல் மூன்று பேய்க்கும் சேர்த்து வருவது 1,400. நான்காவது பேய் ஒன்றே அதை மிஞ்சுகிறது. வழக்கமான அமைப்பில் கூடுதல் உயிர் 10,000 பாயிண்டில் கிடைக்கும். பேய்களை முழுதாகப் பிடிப்பவருக்கு அது முதல் பலகையிலேயே வந்துவிடும். பொட்டு மட்டும் தின்பவர் நான்காவது பலகை வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே, ஒரு பேய் துரத்துகிறதே என்று பயந்து பெரிய பொட்டை விழுங்குவதுதான் மிகப் பெரிய தவறு. மற்ற மூன்றும் பலகையின் மறுகோடியில் இருக்கும், 200 பாயிண்டோடு கதை முடியும். பெரிய பொட்டுக்கு அருகிலேயே சுற்றிச் சுற்றி வந்து, பேய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் சேரும்வரை பொறுத்து, அதன்பிறகு தின்னுங்கள். தின்ற கணமே அவை எல்லாம் திசை திரும்பும். முதல் லெவலில் நீலப் பேயின் வேகம் உச்ச வேகத்தில் 50 சதவீதம், அந்த நேரத்தில் உங்களுடையது 90. எட்டிப் பிடிப்பது சிரமமில்லை.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு தவறு, ஒரு பேய் நீலமாக மிச்சமிருக்கும்போதே அடுத்த பெரிய பொட்டைத் தின்பது. எண்ணிக்கை மீண்டும் 200-இலிருந்து தொடங்கிவிடும், கைக்கு எட்டிய 1,600 போய்விடும். தின்னப்பட்ட பேய் வெறும் கண்களாகப் பலகையின் நடுவே உள்ள கூண்டுக்குத் திரும்பி, நீலம் இல்லாமல் பழைய நிறத்திலேயே வெளியே வருவதையும் மறக்கக்கூடாது. எல்லாம் நீலம்தான் என்ற தைரியத்தில் கூண்டு வாசலைக் கடப்பவர்கள் அங்கேதான் சாகிறார்கள்.

நீல நேரம் முதல் லெவலில் 6 விநாடி. பிறகு 5, 4, 3 என்று குறைந்து ஐந்தாவதில் 2 விநாடி ஆகிறது. இனிப் பேய் பிடித்துப் பயனில்லை என்று பலர் இங்கேயே கைவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஆறாவதிலும் பத்தாவதிலும் மறுபடி 5 விநாடி கிடைக்கிறது, பதினான்காவதில் 3.

பேய் துரத்தும்போது எந்தப் பாதையில் ஓடுகிறோம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒவ்வொரு பொட்டைத் தின்னும்போதும் பேக்மேன் ஒரு நொடிப்பொழுது தயங்குகிறது. முதல் லெவலில், நீலம் இல்லாதபோது, வெறும் பாதையில் அதன் வேகம் 80 சதவீதம், பொட்டு நிறைந்த பாதையில் ஏறத்தாழ 71. பேயின் வேகம் 75. பொட்டு தின்றுகொண்டே தப்பிக்கப் பார்த்தால் பேய் நெருங்கும், காலியான பாதையில் ஓடினால் அது பின்தங்கும். எனவே தப்பிக்க உதவும் பாதை ஒன்றிரண்டை முன்கூட்டியே தின்று காலி செய்து வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் இடது, வலது ஓரங்களை இணைக்கும் பக்கவாட்டுச் சுரங்கம் இன்னும் நல்லது. அங்கே பேயின் வேகம் 40 சதவீதத்துக்கு இறங்கும், உங்களுடையது குறையாது.

திருப்பங்களிலும் ஆதாயம் உண்டு. மூலையை அடைந்த பிறகு ஜாய்ஸ்டிக்கைத் திருப்புவது தவறு. வருவதற்குச் சற்று முன்பே போக வேண்டிய திசையில் தள்ளிப் பிடித்தால் பேக்மேன் மூலையைக் குறுக்காக வெட்டித் திரும்பும். பேய்க்கு அது முடியாது. நேர்ப்பாதையைவிட வளைந்து வளைந்து ஓடுவது நல்லது என்பது இதனால்தான். வீட்டில் எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடுபவர்கள் அதை நான்கு திசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அசல் இயந்திரத்தில் இருந்தது நான்கு திசைதான். சாய்வாகத் தள்ளினால் திருப்பம் தவறிப்போகும்.

நான்கு பேயையும் ஒரே மாதிரி நினைப்பதும் தவறு. சிவப்பு பிளிங்கி நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு பிங்கி நீங்கள் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து மடக்கப் பார்க்கும். வெளிர்நீல இங்கியின் கணக்கில் பிளிங்கியின் இடமும் சேரும், அதனால் பிளிங்கி உங்களை ஒட்டி வந்தால் இங்கியும் ஆபத்து. ஆரஞ்சு க்ளைடு எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் விலகி, இடது கீழ் மூலைக்குக் கிளம்பிவிடும். நான்கையும் ஒன்றாகச் சேர்க்கும்போது பெரும்பாலும் நழுவுவது இதுதான். அதனால் இடது கீழ்ப் பெரிய பொட்டைக் கடைசிவரை வைத்திருப்பது நல்ல யோசனை. இன்னொன்று: கூண்டுக்கு நேர் மேலே இரண்டு சந்திப்புகள், நீங்கள் புறப்படும் இடத்தின் இருபுறமும் இரண்டு. இந்த நான்கிலும் பேய்கள் சாதாரண நிலையில் மேல்நோக்கித் திரும்புவதில்லை. நெருக்கடியில் அங்கே மேலே ஏறுங்கள்.

பேய்கள் எப்போதும் துரத்துவதில்லை. முதல் லெவலில் 7 விநாடி தத்தம் மூலைக்குப் போகும், பிறகு 20 விநாடி துரத்தும். இப்படி மாறி மாறி நான்கு முறை ஓய்வு தந்து (கடைசி இரண்டு ஓய்வும் 5 விநாடிதான்), 84 விநாடிக்குப் பின் ஓயாமல் துரத்தும். எல்லாப் பேய்களும் ஒருசேரச் சட்டென்று திரும்பினால், நீலம் இல்லாதபோது அது இந்த மாற்றத்தின் அடையாளம். ஓய்வு நேரத்தைச் சுலபமான இடத்தில் வீணாக்காமல், பலகையின் அடிப்பகுதி போன்ற சிக்கலான இடங்களைக் காலி செய்யப் பயன்படுத்துங்கள்.

கடைசிப் பொட்டுகளை நான்கு மூலையிலும் சிதறவிடுவது லெவலின் முடிவில் உயிரை வாங்கும். முதல் லெவலில் 20 பொட்டு மிச்சமிருக்கும்போது பிளிங்கியின் வேகம் 80 சதவீதத்துக்கு ஏறி, உங்களுக்குச் சமமாகிறது. 10 மிச்சமிருக்கும்போது 85. அதன்பின் நேர்ப்பாதையில் அதை ஏமாற்ற முடியாது, ஓய்வு நேரத்திலும் அது உங்களையே துரத்தும். மூன்றாவது லெவலில் இந்த மாற்றம் 40 பொட்டிலேயே தொடங்கிவிடுகிறது. மிச்சப் பொட்டுகளை ஒரே பகுதியில், முடிந்தால் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழம் 70 பொட்டு தின்றதும் ஒரு முறை, 170 தின்றதும் ஒரு முறை, கூண்டுக்குக் கீழே வரும். ஏறக்குறைய ஒன்பது விநாடி இருக்கும். முதல் லெவல் செர்ரிக்கு 100 பாயிண்ட்தான், அதற்காக உயிரைப் பணயம் வைப்பது அநியாயம். ஆனால் மதிப்பு ஏறிக்கொண்டே போய், பதின்மூன்றாவது லெவலிலிருந்து பழத்துக்குப் பதில் வரும் சாவிக்கு 5,000 ஆகிறது. அந்த உயரத்தில் 70-ஆவது பொட்டையும் 170-ஆவது பொட்டையும் பலகையின் நடுவே கீழ்ப்பக்கம் தின்னும்படி பாதையை அமைத்துக்கொள்ள வேண்டும்.

பதினேழாவது லெவலில் பேய் நீலமாகாது. பதினெட்டில் ஒரு விநாடி மட்டும். பத்தொன்பது முதல் அதுவும் இல்லை. பெரிய பொட்டால் இனிப் பயனில்லை என்று கண்டபடி தின்றுவிடாதீர்கள். நீலம் வராவிட்டாலும் தின்ற கணத்தில் பேய்கள் திசை திரும்புகின்றன, சிக்கிக்கொண்ட நேரத்தில் அது பிரேக் போல உதவும். இருபத்தொன்றாவது லெவலிலிருந்து பேய்கள் உங்களைவிட வேகமாகவும் ஓடும். அங்கே ஒரு பலகைக்குப் பொட்டில் 2,600, இரண்டு சாவியில் 10,000 வருகிறது.