எஞ்சின் ஆயில் குடிக்கும் பைக்: அளந்து எழுதி வாரன்டியில் பாகம் வாங்கும் முறை

பைக் ஆயில் குடிக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால் முதலில் வரும் பதில்: "அது நார்மல்தான் சார், எல்லா வண்டியிலும் கொஞ்சம் குறையும்." இது பாதி உண்மை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எதுவானாலும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று திருப்பிக் கேட்க உங்கள் கையில் ஒரு எண் வேண்டும்: 1,000 கிலோமீட்டருக்கு இத்தனை மில்லி. அந்த எண்ணும், அது ஏறிய ஜாப் கார்டும் (சர்வீஸ் சென்டர் உங்கள் புகாரை எழுதும் தாள்) இல்லாமல் வாரன்டி பேச்சு கவுண்டரைத் தாண்டாது.

இந்தியாவில் விற்கும் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) பைக்குகளை மனதில் வைத்து எழுதுகிறேன். டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி), டிரெயின் போல்ட் (ஆயிலை வடிக்கும் போல்ட்), ஏர் ஃபில்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வேண்டும்

1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு, நல்ல டார்ச், நூல் உதிராத பழைய காட்டன் துணி, போன் கேமரா, ஒரு நோட்டு. அளவு ஜாடி வேண்டாம் என்பது என் கட்சி. ஆயில் ஜாடியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், புனலில் கொஞ்சம் தங்கும். அங்கேயே 10, 15 மில்லி கணக்கு தப்பிவிடும். ஸ்பேனர் செட்டும் இப்போதைக்கு வேண்டாம். வாரன்டி ஓடும்போது எஞ்சினில் நீங்கள் கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் எதிர்த்தரப்புக்கு ஒரு வாதம்.

படி 1: லெவலைச் சரியாகப் பார்ப்பது

தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. அதனால் அவசரப்படாதீர்கள்.

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாயும். எஞ்சினின் வலது பக்கத்தில் ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடி இருந்தால், அதில் ஆயிலே இல்லாதது போலத் தெரியும். எஞ்சினை 3 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள், பிறகு இன்னொரு 3 நிமிடம் காத்திருங்கள். ஓடும்போது மேலே ஹெட்டுக்கும் கிளட்ச் பக்கமும் ஏறிய ஆயில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்புக்கு இறங்க அந்த நேரம் தேவை. உங்கள் கையேட்டில் வேறு நிமிடக் கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே விதமாகப் பார்க்க வேண்டும், அது முக்கியம். இன்று காலை குளிர்ந்த எஞ்சினில் ஒன்று, நாளை மாலை சூட்டில் ஒன்று என்று பார்த்தால் அது ஒப்பீடே இல்லை.

டிப்ஸ்டிக் உள்ள வண்டியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹீரோ, ஹோண்டா போன்றவற்றின் கம்யூட்டர் பைக்குகளில் துடைத்த ஸ்டிக்கை உள்ளே விட்டு, மரையைத் திருகாமல் அப்படியே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிவிட்டால் ஸ்டிக் சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். ஆயில் குறைந்திருந்தாலும் போதுமானதாகக் காட்டும். சில மாடல்களில் இதற்கு நேர்மாறு. உங்கள் மாடலின் கையேட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்று: புது ஆயில் தண்ணீர் போல இருக்கும், ஸ்டிக்கில் எல்லைக்கோடே தெரியாது. ஸ்டிக்கை வெளியே இழுக்கும்போது துளையின் மரையில் ஒட்டியிருக்கும் ஆயில் மேலே பூசி லெவலை ஏற்றிக் காட்டும். முதலில் துளையின் வாயைத் துணியால் துடையுங்கள். பிறகு ஸ்டிக்கை நேராக எடுத்து, படுக்கைவாட்டில் பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் ஈரம் எங்கே முடிகிறது என்று பளிச்சென்று தெரியும். அதையும் ஓடோமீட்டரையும் அடுத்தடுத்து போட்டோ எடுங்கள்.

அளவைத் தொடங்குமுன் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கையேட்டில் பெரும்பாலும் இரண்டு கொள்ளளவு இருக்கும்: வெறும் ஆயில் மாற்றத்துக்கு ஒன்று, எஞ்சினையே பிரித்துப் பூட்டும்போது ஊற்ற ஒன்று. இரண்டாவது பெரிய எண். அதைப் பார்த்தோ, "பாட்டில் முழுசா போகட்டும்" என்றோ ஊற்றிவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அதிகப்பட்ட ஆயிலை எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் அடித்து நுரையாக்கும். அது எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து எரிந்து வெளியேறும். சில நூறு கிலோமீட்டருக்கு லெவல் மளமளவென்று இறங்கி, பிறகு நின்றுவிடும். அது எஞ்சின் கோளாறு அல்ல, ஊற்றியவர் கோளாறு.

படி 2: 1,000 கிலோமீட்டர் கணக்கு

கம்பெனி சொன்ன கிரேடில் ஒரு பாட்டிலை பில்லோடு வாங்கி தனியாக வையுங்கள். லெவலை மேல்கோட்டுக்குக் கொண்டுவந்து ஓடோமீட்டரைக் குறியுங்கள். 500, 600 கிலோமீட்டர் ஓடியதும் பாட்டிலை எடை போட்டு, அதே மேல்கோடு வரை ஊற்றி, மறுபடி எடை போடுங்கள். எஞ்சின் ஆயிலின் அடர்த்தி ஏறக்குறைய ஒரு மில்லிக்கு 0.87 கிராம். பாட்டில் 905 கிராமிலிருந்து 800 கிராமுக்கு இறங்கியிருந்தால் 105 கிராம், அதாவது சுமார் 120 மில்லி. அது 600 கிலோமீட்டரில் என்றால் 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லி. இப்படி இரண்டு சுற்று எடுத்தால் போதும்.

ரன்னிங் இன் (புது எஞ்சின் பழகும் முதல் ஓட்டம்) முடியாத வண்டியில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் இன்னும் சிலிண்டரில் படியாததால் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். அந்தக் கணக்கை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

வேறொரு ஏமாற்றும் இருக்கிறது. தினமும் 2, 3 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது. எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயில் உண்மையில் குறைந்துகொண்டிருக்க, பெட்ரோல் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். ஒருநாள் சென்னையிலிருந்து திருச்சி வரை ஓட்டினால் பெட்ரோல் ஆவியாகிப் போய் லெவல் ஒரேயடியாக இறங்கும். "நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சே" என்பதன் பின்னால் பலநேரம் இதுதான். ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும்.

படி 3: ஆயில் எங்கே போகிறது

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிடுகிறதா? கியரில் இறக்கம் இறங்கி, ஆக்சிலேட்டரை மறுபடி முறுக்கும்போது வருகிறதா? சந்தேகம் வால்வ் சீல் (வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) மேல் போக வேண்டும். ஏற்றத்தில் முறுக்க முறுக்கத் தொடர்ந்து வந்தால் ரிங் அல்லது சிலிண்டர். குளிர்காலையில் வெள்ளையாக வந்து மறைவது வெறும் நீராவி. புகையே தெரியவில்லை என்பதால் ஆயில் எரியவில்லை என்றும் ஆகாது. பிஎஸ்6 வண்டியின் சைலன்சர் பாதையில் மாசைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் புகையை ஓரளவு மறைத்துவிடும்.

இதை உறுதி செய்யும் சோதனையைச் சர்வீஸ் சென்டரிலேயே செய்யச் சொல்லுங்கள். கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கருவி) போட்டு ஒரு ரீடிங். பிளக் துளை வழியே சில மில்லி ஆயில் விட்டு இன்னொரு ரீடிங். இரண்டாவது நன்றாக ஏறினால் ரிங், சிலிண்டர் பக்கம். ஏறாமலே இருந்தால் வால்வ் பக்கம். இரண்டு எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

கசிவு என்றால், எஞ்சினை டீகிரீஸரால் கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி 15 நிமிடம் ஓட்டுங்கள். ஓட்டத்தில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், எடை கீழே இழுக்கும். ஆகவே ஈரமான இடங்களில் எது மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ அதுவே ஊற்று. அடியில் சொட்டுவதைப் பார்த்து டிரெயின் வாஷரை மாற்றிவிட்டு அனுப்புவார்கள். உண்மையில் எஞ்சின் உச்சியில் உள்ள டேப்பெட் கவர் கேஸ்கெட்டிலிருந்து வழிந்து வந்திருக்கும். முன் ஸ்பிராக்கெட் கவருக்குள் ஈரம் என்றால் முதலில் செயின் லூப்தானா என்று பாருங்கள், பிறகு அவுட்புட் ஷாஃப்ட் சீல், கியர் ஷாஃப்ட் சீல்.

ஆயில் பால் காபி நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஏர்கூல்டு வண்டியில், மழைக்காலத்தில், குறுகிய ஓட்டங்களில் மூடியின் உட்புறம் மட்டும் மஞ்சள் நுரை படிவது பயப்படும் விஷயமல்ல. அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் போய்விடும். லிக்விட்கூல்டு வண்டியில் ஆயில் முழுக்க அந்த நிறமும், கூலன்ட் ரிசர்வ் டேங்கில் இறக்கமும் சேர்ந்தால் வாட்டர் பம்ப் சீல் அல்லது ஹெட் கேஸ்கெட். ஓட்டாதீர்கள், டோ செய்து கொண்டுபோங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு வாரன்டி கிடையாது, அது இன்ஷூரன்ஸ் விவகாரம். ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஆயில் கருத்துப்போவது புகாரே அல்ல. கிளட்ச் நழுவினால் மட்டும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: கியர் பைக்குக்கு ஜாஸோ (ஜப்பானிய ஆயில் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்றிருக்க வேண்டும். கார் ஆயிலில் உள்ள உராய்வு குறைக்கும் சேர்க்கைகள் ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச் தட்டுகளை வழுக்க விடும், அதற்கு வாரன்டியும் கிடைக்காது.

படி 4: வாரன்டி புத்தகம்

கால அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹீரோவில் 5 ஆண்டு அல்லது 70,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. அதைவிட முக்கியம் இரண்டு பக்கங்கள். ஒன்று சர்வீஸ் அட்டவணை: கிலோமீட்டரும் நாட்களும் சேர்ந்தே ஓடும். வண்டி வீட்டில் நின்றிருந்தாலும் நாள் கடந்தால் தவறியதுதான். இன்னொன்று விலக்குப் பட்டியல். ஆயில், ஃபில்டர் பெரும்பாலும் அதில் இருக்கும். சில புத்தகங்களில் கேஸ்கெட்டும் ரப்பர் சீலும்கூட இருக்கும். சீல் விலக்கில் இருந்தாலும், ஷாஃப்ட் தேய்ந்தோ கேசிங் சரியில்லாமலோ சீல் போனால் கோளாறு ஷாஃப்ட்டுடையது. அந்த வாதத்தை விடாதீர்கள்.

க்ளெய்ம் முடியும்வரை கசிவை அடைக்கும் ஸ்டாப்-லீக் ஊற்றுவது, கசிவில் சிலிகான் பேஸ்ட் பூசுவது, வெளி மெக்கானிக்கிடம் பிரிப்பது எதுவும் வேண்டாம். அதே சமயம் "அவங்களே பார்க்கட்டும்" என்று ஆயிலைக் குறைய விட்டும் ஓட்டாதீர்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே ஓடி எஞ்சின் ஜாம் ஆனால், பராமரிக்கவில்லை என்று ஒரே வரியில் நிராகரித்துவிடுவார்கள். சிறிய ஏர்கூல்டு பைக்குகள் பலவற்றில் ஆயில் பிரஷர் விளக்கே கிடையாது, எச்சரிக்கை எதுவும் வராது.

படி 5: ஜாப் கார்டு

சர்வீஸ் அட்வைசர் வழக்கமாக எழுதுவது "ஜெனரல் செக்கப், ஆயில் டாப்-அப்". அந்தக் கார்டை வைத்துப் பின்னாளில் எதையும் நிரூபிக்க முடியாது. நீங்கள் சொல்லி எழுதவைக்க வேண்டியது இப்படி: "1,000 கிமீக்கு சுமார் 200 மில்லி ஆயில் குறைகிறது. வெளிக் கசிவு இல்லை. முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை. வாரன்டியில் பரிசோதிக்கவும்." எழுத மறுத்தால் அங்கேயே நின்று அதே வாசகத்தை கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்புங்கள், சேசிஸ் எண், ஓடோமீட்டர், போட்டோவோடு. பெரும்பாலும் பேனா தானாக நகரும்.

அடுத்து இரண்டு கேள்வி. "இந்த மாடலுக்குக் கம்பெனி அனுமதிக்கும் அளவு என்ன, எழுத்தில் தாருங்கள்." "சீல் வைத்து ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் எடுங்கள்." இரண்டாவதில், அளந்த ஆயிலை ஊற்றி, டிரெயின் போல்ட்டிலும் ஆயில் மூடியிலும் பெயின்ட் கோடு போட்டு அனுப்புவார்கள். குறிப்பிட்ட தூரம் ஓட்டிவந்ததும் வடித்து அளப்பார்கள். ஊற்றும்போதும் வடிக்கும்போதும் உடன் நில்லுங்கள். இடையில் லெவல் பார்க்க முடியாது என்பதால், வேகமாகக் குடிக்கும் வண்டி என்றால் 500 கிலோமீட்டரில் முடிக்கும்படி கேளுங்கள்.

கோளாறு ஒப்புக்கொள்ளப்பட்டால், ரிங் மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். சிலிண்டரில் கோடு விழுந்திருந்தால் புது ரிங்கும் நிற்காது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளவு எடுத்தார்களா, எவ்வளவு என்று கேளுங்கள். பிளாக், பிஸ்டன், ரிங் செட்டாக மாறுவதே நல்லது. கழற்றிய பாகம் பொதுவாகக் கம்பெனிக்குத் திரும்பிவிடும், அதனால் அது மேசைமேல் இருக்கும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்ய ரூபாய் என்றாலும் பாக எண்களோடு இன்வாய்ஸ் வாங்குங்கள். அதே கோளாறு மூன்றாவது முறை வரும்போது அந்தத் தாள்களே பேசும்.

படி 6: மறுத்தால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஒர்க்ஸ் மேனேஜர், பிறகு கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். சோதித்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில், 38ஆம் பிரிவின் கீழ் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

புது வண்டியே வேண்டும் என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். வாரன்டி வாசகம் பழுதான பாகத்தை மாற்றுவது பற்றியது, வாகனத்தை மாற்றுவது பற்றியது அல்ல என்று 2006இல் ஒரு மாருதி கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எஞ்சின் பாகம் மாற்றம், அலைந்த செலவு, இழப்பீடு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

சேர்க்கை: ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

அளவு முறை இதேதான். ஆனால் சிவிடி (கியர் மாற்றத் தேவையில்லாத) ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனையாது, அதனால் ஜாஸோ எம்பி கிரேடுதான் கேட்பார்கள். பின்சக்கரம் அருகே உள்ள கியர் ஆயில் தனி. அங்கே கசிந்தால் அதை எஞ்சின் ஆயில் குறைவு என்று எழுதவிடாதீர்கள்.

பாகம் மாற்றி வந்த வண்டிக்கு மறுபடி ரன்னிங் இன் உண்டு. முதல் ஆயிலை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், அந்த ஆயிலுக்குக் காசு யார் தருவது என்பதை வண்டி எடுக்கும் அன்றே இன்வாய்ஸில் எழுதி வாங்குங்கள். பிறகு படி 2ஐ மறுபடி தொடங்குங்கள்.