ஸ்கேனரை வைத்து மெக்கானிக் பாடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில், வண்டியின் கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகுகிறோம். பி0171 என்று ஃபால்ட் கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, வருகிறது. "ஆக்ஸிஜன் சென்சார் போச்சு சார், ஜே.சி. ரோட்டுல வாங்கிட்டு வரட்டுமா?" என்கிறான் மாணவன். அல்சூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்து பெங்களூரில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. பழக்கிவிட்டவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தான்.

அந்தக் கோடு சொல்வது, கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதை மட்டும். என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் ஹோஸில் விரிசல் இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு இருக்கலாம், பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் இறங்கியிருக்கலாம். இதைக் குறித்துத் திரையில் வரும் 'லீன்' என்ற சொல்லுக்கே பலருக்கு அர்த்தம் புரிவதில்லை. வகுப்பு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நடந்தாலும், ஒருமுறை தமிழில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, ஃபால்ட் கோடை எழுதி வைக்காமல் ஸ்கேனரில் அழிப்பது. கோடு பதிவான நேரத்து என்ஜின் வேகம், வெப்பம், லோடு விவரங்களும் அதோடு போய்விடும். அப்புறம், சாவியை ஆனில் வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினால் பேட்டரி இறங்கி, சம்பந்தமில்லாத கோடுகள் வரும். சார்ஜரை மாட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் தருவது, சென்சார்களின் அளவுகளை அந்தந்த நொடியில் காட்டும் லைவ் டேட்டாவைத் திறந்தே பார்க்காமல் ஸ்கேனரைப் பெட்டியில் வைத்துவிடுவது. இதைச் செய்து பாருங்கள். சாவி ஆனில், என்ஜின் ஓடாமல் இருக்கட்டும். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சாரில் மாட்டியிருக்கும் வயரின் கப்ளரைக் கழற்றச் சொல்லுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சட்டென்று சுற்றலாம், கையை விலக்கி வைக்க வேண்டும். 28 டிகிரி காட்டிய திரை -40-க்கு விழும். பெங்களூரில் ஏது அந்தக் குளிர் என்று பிள்ளைகளே கேட்பார்கள். சரி, இப்போது கப்ளரின் இரண்டு பின்களையும் ஒரு சின்ன வயரால் இணைக்கட்டும். அளவு 100-ஐத் தாண்டி ஏறும்.

பிறகு -40 மட்டுமே காட்டும் வண்டி ஒன்று வந்தால், இதே வயரை வைத்துப் பார்ப்பார்கள். அளவு ஏறினால் வயரிங் சரி, சென்சாரை மாற்றலாம். ஏறாவிட்டால் மல்டிமீட்டரோடு வயரைத் தேடிப் போக வேண்டும்.