குடிக்காதவருக்கும் ஒயின் ஊர்: பாட் டூர்க்ஹைமைப் பழகிக்கொள்வது எப்படி

ஜெர்மனியில் மான்ஹைமிலோ லூட்விக்ஸ்ஹாஃபனிலோ வேலை பார்த்துக்கொண்டு, மலையோரமாக அமைதியான ஊரில் குடியிருக்க ஆசைப்பட்டால் பாட் டூர்க்ஹைம் நல்ல இடம். 4-ஆம் எண் டிராம் மான்ஹைமிலிருந்து நேராக ஊருக்குள் வந்து நிற்கும். இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். மேற்கே ஃபால்ஸ் காடு, மற்ற பக்கமெல்லாம் திராட்சை.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவன், ஆனால் குடிப்பதில்லை. டாஸ்மாக் வாசலைப் பார்த்தே பழகிய நமக்கு ஒயின் ஊர் என்றதும் ஒரு தயக்கம் வரும். அந்தத் தயக்கம் இங்கே தேவையில்லை. கண்ணாடிக் கோப்பையிலிருந்து தொடங்காமல் கொடியிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை.

குடிவந்தது குளிர்காலம் என்றால் இன்னும் நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை கவாத்துக் காலம். வடக்கே உங்ஸ்டைன் பக்கம் தோட்டப் பாதைகளில் நடந்து போங்கள். கம்பத்தில் தலைக்கு மேலே பந்தல். இங்கே கம்பிவேலியில் வரிசை வரிசையாகக் கொடி. முந்தைய வருடம் விட்ட கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, ஒன்றிரண்டை மட்டும் விட்டு, வளைத்துக் கம்பியில் கட்டுவார்கள். இதை ஈரமான நாளில்தான் செய்வார்கள். காய்ந்த நாளில் வளைத்தால் மளுக்கென்று ஒடிந்துவிடும். அந்த நேரத்தில் நின்று ஒரு வணக்கம் சொல்லி, "இது என்ன ரகம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ரீஸ்லிங் என்று பதில் வரும். நம் ஊரில் வருடத்துக்கு இரண்டு மூன்று அறுவடை எடுப்போம் என்று நான் சொன்னபோது, வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம் தெருவில் பார்த்தால் அவரே கையசைப்பார்.

அதே பாதையில் வைல்பெர்க் என்ற மேட்டில் ஒரு ரோமானியப் பண்ணைவீட்டின் அடித்தளம் இருக்கிறது. 1981-இல் தோட்ட நிலங்களைத் திருத்தியபோது வெளிப்பட்டது. திராட்சை பிழியும் ஆலையும் அதில் உண்டு. அங்கே உட்கார்ந்து பார்த்தால் ரைன் சமவெளி முழுக்கத் தெரியும். சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போகலாம்.

பாதையில் சில ஒழுங்குகள். டிராக்டருக்கு ஒதுங்கி வழிவிடுங்கள். ஒரு குலைதானே என்று பறிக்காதீர்கள், அது திருட்டுதான். பழம் பழுக்கும் காலத்தில் சில பாதைகளை அடைத்துப் பலகை வைத்திருப்பார்கள்.

அடுத்தது உட்காருவது. ஒயின் கடைகளில் தனி மேசை தேடி நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். நீள மேசையில் ஓரிடம் காலியாக இருந்தால், "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" (இந்த இடம் காலியா?) என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார், அதுதான் இந்த ஊர் வழக்கம். விவசாயிகள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே நடத்தும் ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்ற சிறு ஒயின் கடை இன்னும் நல்லது. சட்டப்படி வருடத்தில் நான்கு மாதங்களுக்கு மேல் திறக்கக் கூடாது, 40 இருக்கைகளைத் தாண்டக் கூடாது. அதனால் திறந்திருக்கும்போதே போய்விட வேண்டும்.

குடிக்காதவர்கள் திராட்சைச் சாறும் சோடாவும் கலந்த டிராபன்சாஃப்ட் ஷோர்லே கேளுங்கள். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். குடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வெறுமனே ஷோர்லே என்றால் அரை லிட்டர் கோப்பையில் ஒயினும் சோடாவும் வரும், இந்தப் பக்கத்தில் சோடாவின் பங்கு குறைவுதான். அந்தக் கோப்பையின் பெயர் டுப்பெகிளாஸ். மேலே அகன்று கீழே குறுகி, சுற்றிலும் கட்டைவிரல் பதிகிற மாதிரி வட்டக் குழிகள். தொத்திறைச்சி தின்ற எண்ணெய்க் கையிலிருந்து நழுவாமலிருக்கத்தான் குழிகள் என்பார்கள். ஒரே கோப்பையை மேசை முழுக்கச் சுற்றுக்கு விடுவதும் உண்டு. எச்சில் பார்க்கும் நமக்கு அது கொஞ்சம் சிரமம். சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் தள்ளிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சைவக்காரர்களுக்கு வைஸர் கேஸ் என்ற தயிர்க்கட்டி மாதிரியான பாலாடைக்கட்டியும் ரொட்டியும் கிடைக்கும். வெங்காய கேக்கில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஸௌமாகன் பக்கமே போக வேண்டாம், அது பன்றி வயிற்றுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்தது. ஹெல்முட் கோல் ஜெர்மனியின் சான்ஸலராக (நம் பிரதமர் மாதிரி) இருந்தபோது பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கே அதைப் பரிமாறியவர். பக்கத்து ஊரான டைடஸ்ஹைமில்.

செப்டம்பரில் இரண்டு வார இறுதிகளில் வூர்ஸ்ட்மார்க்ட் என்ற ஒயின் திருவிழா. 1417-லிருந்து பதிவு இருக்கிறது. சனிக்கிழமை இரவு கால் வைக்க இடமிருக்காது. ஊரில் குடியிருப்பவருக்குத்தான் திங்கள் மதியம் போகிற வசதி இருக்கிறதே! குழந்தைகளோடு ராட்டினம் சுற்றலாம். திடலை ஒட்டி நிற்கும் ராட்சதப் பீப்பாயையும் அப்போதே பார்த்துவிடலாம். 1934-இல் கட்டியது, 17 லட்சம் லிட்டர் கொள்ளும், ஒரு சொட்டு ஒயின்கூட ஊற்றியதில்லை. உள்ளே உணவகம் நடக்கிறது.

அதே பருவத்தில் நடுராத்திரி பெரிய இரைச்சலும் வெளிச்சமும் வந்தால் பயப்படாதீர்கள். குளிர்ந்த பழமாக எடுக்க வேண்டும் என்று அறுவடை இயந்திரத்தை இரவில் ஓட்டுகிறார்கள். போலீஸுக்குப் போன் செய்து பலனில்லை, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். நுரைத்துக்கொண்டிருக்கும் புது ஒயினும் அப்போதுதான் விற்பனைக்கு வரும். காற்று போக வேண்டும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்காது. நண்பருக்கு வாங்கிப்போனால் பையில் நிமிர்த்தியே வையுங்கள். அக்டோபரில் காட்டோரம் உதிரும் கஷ்கொட்டைகளை வீட்டுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம். முள்ளோட்டை ஷூவால் மிதித்துப் பிரித்து, கீறல் போட்டு வாணலியில் வறுத்தால் சாயங்காலக் காப்பிக்குப் பொருத்தம்.

மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கடைகள்தான் மூடியிருக்குமே. குன்றின் மேலே லிம்பர்க் மடத்தின் இடிபாடு. ஊருக்குள் 333 மீட்டர் நீள உப்புநீர்ச் சுவர், முட்புதர்க் கட்டுகள்மேல் உப்புநீர் வழிந்துகொண்டே இருக்கும். சளிக்கு நல்லது என்று தாத்தா பாட்டிகள் அதையொட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

விருந்தினர் வந்துபோனால் காலி பாட்டில் சேரும். வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்துத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும். ஞாயிறன்று மட்டும் போடாதீர்கள். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டால் எதிர்வீட்டு ஜன்னல் உடனே திறக்கும்.