இறுவட்டின் உள்வளையத்தை வாசியுங்கள்: ஹெவி மெற்றல் அல்பங்களைச் சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த நாட்களில், இலண்டனிலிருந்து விடுமுறைக்கு மட்டக்களப்பின் கல்லடிக்கு வந்த மச்சானிடம் நான் சொல்லி அனுப்பியிருந்தது ஒரேயொரு இறுவட்டைத்தான். ஒஸி ஒஸ்போர்ன் 1980இல் வெளியிட்ட ‘பிளிசார்ட் ஒஃப் ஒஸ்’ என்ற அல்பம் அது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தேய்ந்துபோன கசெற்றில் கேட்டுக் கேட்டு அதன் ஒவ்வொரு பேஸ் கிற்றார் ஓட்டமும் எனக்கு மனப்பாடமாகியிருந்ததால், அன்றிரவு இறுவட்டைப் போட்டதும் ஏதோ பிசகியிருக்கிறது என்பது முதற்பாட்டிலேயே தெரிந்துவிட்டது. ரண்டி றோட்ஸின் கிற்றார் அதேதான், ஒஸியின் குரலும் அதேதான்; ஆனால் அவற்றுக்குக் கீழே ஓடிய பேஸும் ட்ரம்ஸும் நான் அறிந்தவை அல்ல. இதில் மச்சான்மீது எந்தப் பிழையும் இல்லை. நான் பெயரை மட்டும் சொல்லியிருந்தேன். அவர் பெயரைப் பார்த்து வாங்கி வந்திருந்தார்.

நடந்தது என்னவென்று பிறகுதான் அறிந்தேன். அந்த அல்பத்தில் பேஸ் வாசித்த பொப் டெய்ஸ்லியும் ட்ரம்ஸ் வாசித்த லீ கேர்ஸ்லேக்கும் உரிமைத்தொகை தொடர்பாக வழக்குத் தொடர்ந்திருந்த பின்னணியில், 2002ஆம் ஆண்டின் மறுபதிப்பிலிருந்து அவர்கள் வாசித்த பகுதிகள் எடுக்கப்பட்டு, றொபேட் ட்ருஹீயோவும் மைக் போர்டினும் புதிதாக வாசித்த பகுதிகள் சேர்க்கப்பட்டிருந்தன. 1981இல் வெளிவந்த ‘டயரி ஒஃப் எ மாட்மன்’ அல்பத்துக்கும் இதுவே நேர்ந்தது. 2011ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் மூல ஒலிப்பதிவு திரும்பி வந்தது. ஆகவே இந்த இரண்டு அல்பங்களையும் பழையதாக வாங்குவோர் 2002ஆம் ஆண்டுப் பதிப்பை விலக்கி, அதற்கு முந்தியதையோ 2011இல் வந்ததையோ தேட வேண்டும்.

அட்டைப்படமும் பெயரும் ஒன்றாயிருந்தால் உள்ளே இருக்கும் இசையும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்புவதைத்தான் நம் பகுதிச் சேகரிப்பாளர்களிடம் நான் அடிக்கடி காணும் முதல் தவறாகச் சொல்வேன். மெகாடெத் 1990இல் வெளியிட்ட ‘ரஸ்ட் இன் பீஸ்’ அல்பத்தை 2004இல் அக்குழுவின் பாடகர் டேவ் மஸ்டெய்ன் மீண்டும் கலவை செய்தபோது, சில பாடல்களில் தன் குரலையே புதிதாகப் பாடிச் சேர்த்தார். அயன் மெய்டனின் 1980ஆம் ஆண்டு முதல் அல்பத்தின் பிரித்தானியப் பதிப்பில் ‘சாங்க்சுவரி’ என்ற பாடல் கிடையாது. 1998ஆம் ஆண்டு ரீமாஸ்ரர் பதிப்பிலோ அது இரண்டாவது பாடலாக நிற்கிறது. மெற்றாலிக்காவின் ‘கில் எம் ஆல்’ 1983இல் பத்துப் பாடல்களுடன் வந்தது. 1988இல் எலெக்ட்ரா நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டபோது பிற குழுக்களின் பாடல்கள் இரண்டைச் சேர்த்தது, பின்னைய பதிப்புகளில் அவை நீக்கப்பட்டன. ஆகவே பன்னிரண்டு பாடல்கள் கொண்ட பிரதியைக் கண்டதும் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. சேகரிப்பாளருக்கு அது விரும்பத்தக்க பிரதியே.

ரீமாஸ்ரருக்கும் ரீமிக்ஸுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் வாங்கி ஏமாறுவோரும் பலர். ரீமிக்ஸ் என்பது தனித்தனியாகப் பதிவான வாத்தியங்களையும் குரலையும் மறுபடி கலப்பது. ரீமாஸ்ரர் என்பது கலந்து முடிந்த இசையின் ஒலியளவையும் தொனியையும் மட்டுமே சீர்படுத்துவது. மெற்றாலிக்காவின் 1988ஆம் ஆண்டு ‘அண்ட் ஜஸ்ரிஸ் ஃபோர் ஓல்’ அல்பத்தில் ஜேசன் நியூஸ்ரெட்டின் பேஸ் ஏறக்குறையக் கேட்காது என்பது இரசிகர்களின் நெடுநாள் மனக்குறை. 2018இல் வந்தது ரீமாஸ்ரர் மட்டுமே என்பதால் அதிலும் அந்தக் குறை அப்படியே இருக்கிறது. பேஸ் கேட்கும் என்று நம்பி அதற்குப் பெரும் பணம் கொடுத்தவர்கள் இந்தச் சொல்லின் பொருளை முன்பே அறிந்திருந்தால் அந்தப் பணத்தை வேறோர் அல்பத்துக்குச் செலவழித்திருப்பார்கள்.

புதிய ரீமாஸ்ரர் என்றால் கட்டாயம் மேலானது என்பதும் தவறு. தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பின் பல மறுபதிப்புகளில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலிருந்த வேறுபாடு நெருக்கப்பட்டு, எல்லாமே ஒரே உரப்பில் ஒலிக்கும்படி செய்யப்பட்டது. மெற்றாலிக்காவின் 2008ஆம் ஆண்டு ‘டெத் மக்னெற்றிக்’ இந்தப் போக்கின் உச்சம். மெற்றல் இசைக்கு உரப்பு வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பிளாக் சபாத்தின் முதல் அல்பத்தில் மழையும் கோவில் மணியும் அடங்கிக் கேட்க, அதன்பின் கிற்றார் இடியாக விழ வேண்டும். அந்த இடைவெளியைக் காக்கும் பழைய இறுவட்டுக்கு நான் எத்தனை புதிய பதிப்பையும் விட்டுக்கொடுப்பேன்.

அடுத்த தவறு, பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் ஆண்டை இறுவட்டு உற்பத்தியான ஆண்டாகக் கொள்வது. அந்த ஆண்டு ஒலிப்பதிவின் உரிமை தொடங்கிய ஆண்டு மட்டுமே. 1997இல் அச்சான பிரதியிலும் 1980 என்றே இருக்கக்கூடும். உண்மையை அறிய, பாடல்கள் பதிந்த பக்கத்தை மேலே திருப்பி, ரோச் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்து, நடுத்துளையைச் சூழ்ந்த உள்வளையத்தைப் பாருங்கள். கண்ணாடிபோன்ற பட்டையில் தொகுதி எண்ணும் (வெளியீட்டு நிறுவனம் அந்தப் பதிப்புக்கு இட்ட எண்), சிலவற்றில் தொழிற்சாலையின் பெயரும் பொறித்திருக்கும். அங்கேயோ துளையை ஒட்டிய தெளிந்த பிளாஸ்ரிக் பகுதியிலோ ‘ஐ.எஃப்.பி.ஐ.’ (IFPI) என்ற எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு சிறு குறியீடும் இருந்தால், அந்த இறுவட்டு 1994க்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. அந்தக் குறியீடே அவ்வாண்டில்தான் அறிமுகமானது. அக்கரைப்பற்றிலிருக்கும் என் நண்பர் ஒருவர் 1987ஆம் ஆண்டின் முதற்பதிப்பு என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றை வாங்கி வந்து காட்டியபோது, ரோச்சை அடித்த மறுகணமே இருவரும் அந்த எழுத்துகளைக் கண்டோம். பணம் போய்விட்டது. வெளிநாட்டு விற்பனையாளரிடமோ வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடமோ உள்வளையத்தின் படத்தை முதலில் கேளுங்கள். முதுகுப்பட்டையிலும் இறுவட்டிலும் சிறு புத்தகத்திலும் உள்ள தொகுதி எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வெவ்வேறு பதிப்புகளின் பாகங்களைச் சேர்த்து ஒரு பிரதியாக்கி விற்பது சாதாரணமாக நடக்கிறது.

யப்பானியப் பதிப்புகளில் முதுகைச் சுற்றியிருக்கும் ‘ஓபி’ என்ற காகிதப்பட்டை இல்லையென்றால் விலை வெகுவாகக் குறையும். அதைக் குப்பையென்று எறிந்தவர்களை நான் அறிவேன். ‘32டி.பி.’ (32DP) என்று தொடங்கும் பழைய தொகுதி எண்களில் 32 என்பது 3,200 யென் விலையைக் குறிக்கிறது. சில்லறைக் குறிப்பாகத் தோன்றினாலும் காலத்தை மட்டிட இது பெரிதும் உதவும். எஸ்.எச்.எம். போன்ற உயர்தரப் பிளாஸ்ரிக்கால் ஆன இறுவட்டுகளை வாங்குவது தவறல்ல. ஆனால் எந்த மாஸ்ரரிலிருந்து, அதாவது எந்த மூலப்பதிவிலிருந்து, செய்யப்பட்டது என்று கேட்காமல், பிளாஸ்ரிக்கை மட்டும் நம்பி வாங்குவது தவறு. எண்பதுகளின் சில இறுவட்டுகளில் மேல்தொனிகள் வேண்டுமென்றே உயர்த்திப் பதியப்பட்டிருக்கும். இறுவட்டு இயக்கி அதை உணர்ந்து தணித்துவிடும், கணினியில் நகலெடுக்கும்போது பெரும்பாலும் அது தணியாது. அந்தக் கூர்மையான ஒலியைக் கேட்டு, பதிப்பே மோசம் என்று விற்றுவிடாதீர்கள்.

இனி நம் மண்ணுக்கே உரிய தவறுகள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கும் ஊர்களில், வாடைக்கால ஈரமும் கச்சான் காற்றோடு வரும் புழுதியும் இறுவட்டைச் சும்மா விடுவதில்லை. இறுவட்டின் அலுமினியப் படலத்துக்குக் கீழே ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பில் பிளாஸ்ரிக் உண்டு. மேலே, பெயர் அச்சிட்ட பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே உண்டு. ஆகவே பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பாதுகாத்துவிட்டு, அச்சிட்ட பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் பெயர் எழுதுவதுதான் கூடிய கேடு. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே நீண்டுவிடும், ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் வரையான இழப்பைத்தான் இறுவட்டு இயக்கியின் பிழைதிருத்தும் முறையால் முழுமையாக மீட்க முடியும்.

அலுமாரியில் புடைவைகளோடு இறுவட்டுகளை வைத்து, பூச்சி உருண்டையும் போட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதன் ஆவி பெட்டியின் பிளாஸ்ரிக்கை இளகச் செய்யும், அதைத் தவிருங்கள். பழைய இரட்டைத் தொகுப்புகளின் தடித்த பெட்டிக்குள் இருக்கும் ஸ்பொஞ்சையும் உடனே எடுத்துவிடுங்கள், நாளடைவில் அது உருகி இறுவட்டில் ஒட்டிவிடும். 1988 முதல் 1993 வரை பிரித்தானியாவின் பிளாக்பேர்ண் நகரத்திலிருந்த பி.டி.ஓ. (PDO) தொழிற்சாலையில் செய்யப்பட்டவற்றில் சில, விளிம்பிலிருந்து செம்பு நிறமாகி உள்நோக்கி அழிந்து வருகின்றன; அந்தப் பெயர் உள்வளையத்தில் இருந்தால் விளிம்பின் படத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

2011 ஜனவரி வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்த பதினேழு அல்பங்கள் சேற்றுநீரில் மூழ்கின. இறுவட்டுகள் எல்லாம் நல்ல நீரில் கழுவியதும் பிழைத்துக்கொண்டன. சிறு புத்தகங்களை வெயிலில் உலர்த்தியதுதான் நான் செய்த தவறு: பளபளப்புத் தாளின் பூச்சு நனைந்து, உலரும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டி, அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே பலகையாகிவிட்டது. ஈரம் இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்து, இடையிடையே வெற்றுத்தாள் வைத்து, நிழலில் உலர்த்தியிருக்க வேண்டும். உடனே செய்ய நேரம் இல்லையென்றால், நனைந்த புத்தகத்தைப் பொலித்தீன் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டு, வீட்டு வேலைகள் ஓய்ந்தபின் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிக்கலாம்.