இளம் சிங்கிள் மோல்ட் விஸ்கியைச் சுவைக்கும் முறை

ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடிக்கப்படுவதே சிங்கிள் மோல்ட் விஸ்கி. பிரித்தானியச் சட்டப்படி, ஸ்கொட்லாந்தில் வடித்த மதுசாரம் ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்த பிறகே அதற்கு ஸ்கொட்ச் விஸ்கி என்ற பெயர் கிடைக்கும். புதிய வடிசாலையின் முதல் போத்தல்கள் பெரும்பாலும் அந்தக் குறைந்த வயதை ஒட்டியே வருவதால், அவற்றில் மரத்தின் மணத்தைவிட முளைகட்டிய பார்லியின் மணமே பெரும்பாலும் மேலோங்கி நிற்கும்.

மட்டக்களப்பின் பகல் வெக்கையில் மதுசாரம் விரைவாக ஆவியாகி மூக்கைக் குத்துமாகையால், வாவிக் காற்று வீசும் மாலையில், வாய் குவிந்த கண்ணாடிக் குவளையில் 20 மில்லிலீற்றர் மட்டும் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். ஐஸ் வேண்டாம், அது மணத்தை அடக்கிவிடும். வாயைச் சற்றே திறந்தபடி முகர்ந்தால், வறுத்த அரிசிமாவையும் பச்சை அப்பிளையும் ஒத்த மணம் எழலாம். இளமையின் அடையாளமான அதை நான் குறையாகக் கருதுவதில்லை. முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கே. இரண்டாவதை வாயில் உருட்டி மெதுவாக விழுங்கியபின், போத்தல் தண்ணீரில் மூன்று நான்கு துளி சேர்த்தால் எரிவு தணிந்து தானிய இனிப்புத் தெளிவாகும். உவர்ப்பான கிணற்று நீர் அந்த இனிப்பைக் கெடுத்துவிடும்.