கைம்பெண்ணை ஒதுக்கும் வழக்கம் பற்றி வீட்டில் வாதிடுவது எப்படி

மகளின் திருமணத்தில், கணவனை இழந்த தாய் மணமேடைப் பக்கம் வராமல் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதை இன்றும் பார்க்கிறோம். இதை மாற்றலாம் என்று பேச்செடுத்தால், "சாஸ்திரத்தில் இருக்கிறது, மதத்தில் கை வைக்காதே" என்ற பதில் உடனே வரும்.

வாதத்தை அந்த ஒரு வழக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதமே தவறு என்று தொடங்கினால், எதிரே இருப்பவர் தம் பக்தியைக் காப்பாற்றப் புறப்பட்டுவிடுவார். கடைசி வரிசையில் இருக்கும் தாயைப் பற்றிய பேச்சே எழாது. "வளைகாப்பில் வளையல் அடுக்க அத்தையை ஏன் கூப்பிடவில்லை?" என்று பெயரும் நிகழ்ச்சியும் சொல்லிக் கேட்டால், பதிலும் அதைப் பற்றியே வரவேண்டியிருக்கும்.

அடுத்து, எந்தச் சாஸ்திரம் என்று பணிவோடு கேளுங்கள். மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், கைம்பெண் பூவும் கிழங்கும் பழமும் உண்டு உடலை வருத்த வேண்டும், வேறொரு ஆணின் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்கிறது. இதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் இன்னொரு சாஸ்திர நூலான பராசர ஸ்மிருதியில் கணவன் இறந்தால் வேறு கணவனை ஏற்கலாம் என்ற சுலோகமும் இருக்கிறது; வங்காளச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1855இல் அதை முன்வைத்துத்தான் வாதாடினார், 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலுள்ள ஈமப் பாடல், இறந்தவன் அருகில் கிடக்கும் பெண்ணை உயிரோடிருப்போர் உலகுக்கு எழுந்து வரச் சொல்கிறது. இப்படி நூல்கள் பல குரலில் பேசும்போது, எதைப் பின்பற்றுவது என்று தேர்ந்தெடுப்பது நம் வீட்டுப் பெரியவர்கள்தான் என்பதை அவர்களுக்கு எடுத்துக்காட்டலாம்.

நம் பக்கத்து வாதத்திலும் நேர்மை வேண்டும். எல்லாம் வடக்கிலிருந்து வந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கணவனை இழந்து தீப்பாயத் துணிந்த பாண்டிய அரசி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்று 246ஆம் பாடல், எள் துவையலோடு வேளைக்கீரையை உண்டு, பாயின்றிப் பருக்கைக் கல்லின்மேல் படுக்கும் கைம்பெண்களின் வாழ்வைத் தமிழிலேயே காட்டுகிறது.

நூல் ஆதாரத்தை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. வித்யாசாகர் சட்டத்தைப் பெற்ற பிறகும் மறுமணங்கள் அரிதாகவே நடந்தன. ஆந்திரத்து ராஜமுந்திரியில் தெலுங்குச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் 1881இல்தான் முதல் மறுமணத்தை நடத்திவைக்க முடிந்தது. அதோடு, பராசரரின் சுலோகம் இல்லாமலே போயிருந்தால் அந்தத் தாயை ஒதுக்குவது சரியாகிவிடுமா என்ற கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும். என்னைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான கேள்வி.

பெரும்பாலான வீடுகளில் உண்மையான தடை அச்சம்தான். "மணமக்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னைத்தானே சொல்வார்கள்?" என்று அந்தத் தாயே பின்வாங்குவார். அவரைக் கேட்காமல் அவருக்காக வாதாடாதீர்கள். தனியே உட்கார்ந்து அவர் விருப்பத்தை அறிந்த பிறகே மற்றவர்களிடம் பேசுங்கள். பழி வந்தால் தாம் ஏற்பதாக மாமாவோ பெரியப்பாவோ ஒருவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், அந்த அச்சம் பாதி குறையும்.

"யார் மாறினார்கள்?" என்று கேட்பவருக்கு, மகாராஷ்டிராவின் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராம ஊராட்சி, வளையல் உடைப்பதையும் குங்குமம் அழிப்பதையும் நிறுத்த 2022இல் தீர்மானம் போட்டதைச் சொல்லலாம். கைம்பெண்ணைக் கோயிலுக்குள் வரவிடாமல் தடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியிருக்கிறது. மத உரிமை தரும் அரசமைப்பின் 25ஆம் பிரிவே சமூகச் சீர்திருத்தச் சட்டங்களுக்கும் இடமளிக்கிறது.

முகூர்த்த நாளன்று மண்டபத்தில் வைத்து இதைப் பேசாதீர்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே, அழைப்பவர் பெயராகத் தாயின் பெயர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அது முடிந்ததும், தாய் மேடையில் நின்று அட்சதை தூவுவார் என்பதைப் புரோகிதரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் மறுத்தால் வேறொருவரை ஏற்பாடு செய்ய நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.