ஹோம் தியேட்டர் அறை: பூச்சு வேலைக்கு முன் முடிக்க வேண்டிய ஒயரிங்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புது வீட்டில் ஹோம் தியேட்டருக்கு அறை ஒதுக்குகிறவர்கள் முதலில் ஓடுவது ஸ்பீக்கர் கடைக்கு. ஸ்பீக்கரைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் போன பைப்பை எடுக்கப் பூச்சை உடைக்க வேண்டும். கணக்கைப் பூச்சுக்கு முன்பே போடுங்கள். 12க்கு 16 அடி அறை, 5.1 ஸ்பீக்கர் (முன்னால் மூன்று, சரவுண்ட் இரண்டு, பாஸ் என்னும் அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்), 100 இஞ்ச் திரை என்று வைத்துக்கொள்வோம். சதுர அறையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் பாஸ் ஓரிடத்தில் குமுறும், இன்னோரிடத்தில் காணாமல் போகும்.

100 இஞ்ச் திரைக்கு அகலம் 87 இஞ்ச், உயரம் 49. 12 அடிச் சுவரில் திரை, அங்கிருந்து 10 முதல் 11 அடியில் சோபா. பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் பாஸ் பெருத்து வசனம் அமுங்கும். முன் ஸ்பீக்கர்கள் காது உயரத்தில், நடு இருக்கையிலிருந்து பார்க்கும்போது இருபுறமும் 22 முதல் 30 டிகிரியில். சரவுண்ட் இரண்டும் காதுக்குச் சற்றுப் பின்னால், 110 டிகிரியில். புரொஜெக்டரின் த்ரோ அளவு (தூரம் திரை அகலத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 1.5 என்றால் 87 × 1.5, அதாவது சுமார் 130 இஞ்ச் தூரத்தில் லென்ஸ் நிற்க வேண்டும். மாடல் முடிவாகாமல் சீலிங்கில் துளை போடாதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பைப்பில்தான். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் முக்கால் இஞ்ச் பைப்பையே, படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளுக்கும் போட்டுவிடுகிறார்கள். எச்டிஎம்ஐ முனை உறையோடு சேர்த்து 20 மி.மீ. அகலம் வரும். அந்தப் பைப்பில் அது நுழையாது, 25 மி.மீ. பைப்பில் நுழைந்தாலும் வளைவில் சிக்கும். ரேக் (ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரை வைக்கும் அலமாரி) முதல் புரொஜெக்டர் வரை 40 மி.மீ. போடுங்கள். சட்டென்று திரும்பும் எல்போ கூடாது, மெல்ல வளையும் நீள பெண்டு மட்டும். இரண்டு வளைவுக்கு ஒரு ஜங்ஷன் பாக்ஸ். உள்ளே ஒரு நைலான் கயிறு எப்போதும் கிடக்கட்டும். கேபிள் இழுக்கும்போது புதுக் கயிறு ஒன்றையும் சேர்த்து இழுத்துவிட்டால் அடுத்த கேபிளுக்கு உதவும்.

ரேக் திரைச் சுவரின் மூலையில் இருந்தால் மேலே 7 அடி, நடுவுக்கு 6, புரொஜெக்டர் வரை 11, இறக்கம் 1. ஆக 25 அடி. இரு முனையிலும் விடும் மிச்சத்தோடு 10 மீட்டர் கேபிள். இந்த நீளத்தில் 4கே படத்துக்குச் சாதாரணச் செம்புக் கேபிளை நம்ப முடியாது. படம் விட்டுவிட்டுக் கறுத்துப்போகும். சிக்னலை ஒளியாகக் கொண்டுபோகும் ஆக்டிவ் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: சோர்ஸ் என்று போட்ட முனை ரிசீவருக்கு, டிஸ்ப்ளே முனை புரொஜெக்டருக்கு. மாற்றி இழுத்தால் முழுதாக உருவித்தான் ஆக வேண்டும். ஆகவே தரையிலேயே இணைத்துப் படம் வருகிறதா என்று பார்த்த பிறகே பைப்பில் விடுங்கள்.

ஸ்பீக்கர் ஒயர் 14 கேஜ், சுத்தச் செம்பு. முன் மூன்றுக்கும் சேர்த்து 14 மீட்டர், ரேக் பக்கச் சரவுண்டுக்கு 10, எதிர்ப்பக்கத்துக்கு 14. 40 மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். இழையைக் கத்தியால் சுரண்டி உள்ளே வெள்ளை தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சப்வூஃபருக்குத் தனியாக ஷீல்டு உள்ள ஆர்சிஏ கேபிள்.

மின்சாரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயரில் தனி சர்க்யூட், 16 ஆம்பியர் எம்சிபி. புரொஜெக்டர் பிளக்கும் இதே சர்க்யூட்டில் வரட்டும். ஏசி இதில் சேரக்கூடாது. கரண்ட் பைப்பும் சிக்னல் பைப்பும் ஓர் அடி தள்ளி ஓட வேண்டும். குறுக்கிட்டே தீர வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை எர்த். சில அடியிலேயே பாறை தட்டும் மனைகளில் எர்த் பைப் ஆழம் போகாது, கோடையில் மண் காய்ந்தால் தடை ஏறிவிடும். நீளப் பள்ளம் வெட்டி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைப் படுக்கையாகப் போட்டு, சுற்றிலும் ஈரம் காக்கும் பென்டோனைட் களிமண் நிரப்புங்கள். 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று ஏப்ரல், மே மாதத்தில் அளக்க வேண்டும். மழைக்காலத்து அளவு ஏமாற்றும். தியேட்டருக்கென்று தனி எர்த் குழி போட்டு வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவது ஆபத்து. இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே உயரும் வோல்டேஜ் ரிசீவர் வழியாகத்தான் பாயும். கோடை இடிக்கு மெயின் போர்டில் டைப் 2 எஸ்பிடி (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வையுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் அதுவும் காப்பாற்றாது.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் முதலில் டிடிஎச் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், டிஷ் வேறோர் இடத்தில் எர்த் ஆகிறது என்று பொருள். அதை வீட்டு எர்த்தோடு சேர்க்க வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கு உலை.

கிரானைட் தரை இங்கே சகஜம். ஆனால் பாலிஷ் போட்ட கல் ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். சோபாவுக்கும் திரைக்கும் இடையே தடித்த கார்பெட், சுவர்களில் கனத்த திரைச்சீலை போடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் மூடும் முன் ஸ்பீக்கரை இணைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரின் ரேக் முனையிலும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் சரியென்றால் வூஃபரின் கோன் வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் ஒயர் மாறியிருக்கிறது. பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்து வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு அடிக்கலாம்.